திறந்த மென்பொருளும் மூடிய கடிதமும்

1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதற்கு வந்தவர்களுள் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கரும் ஒருவர். பூட்டுச் செய்வது அவர் தொழில். பிறர் செய்த பூட்டுகளைச் சாவியின்றித் திறந்து காட்டுவதிலும் அவர் வல்லவர். அக்காலத்தில் சப் என்னும் ஆங்கில நிறுவனத்தாரின் பூட்டுக்கு இணையில்லை என்பது மக்களின் நம்பிக்கை. அதனை ஹாப்ஸ் சாட்சிகள் முன்னிலையில் ஏறத்தாழ 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். அடுத்து வந்தது பிராமா நிறுவனத்தாரின் பூட்டு. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அது 1790 முதல் கடைப் பலகணியில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து, அதனையும் அவர் திறந்தார்.

இதனால் பெரியதொரு வாதம் எழுந்தது. பூட்டின் குறையை ஊரறியச் சொல்லலாமா? சொன்னால் திருடனுக்குப் பாடம் நடத்தியது ஆகாதா? சொல்லாமல் இருந்தால் வீட்டுக்காரர் பொல்லாப் பூட்டை நம்பி உறங்குவாரே! திருடர்கள் தம் தொழிலை நன்கு அறிந்தவர்கள். பூட்டின் குறையை அறியாமல் இருப்பவர் அதனை விலை கொடுத்து வாங்கியவர் மட்டுமே என்பது ஹாப்ஸ் தரப்பினரின் விடை.

அதே கேள்வி இன்று மென்பொருள் உலகில் கேட்கப்படுகிறது. அதிலும், தன் செய்முறை முழுவதையும் எழுத்தெழுத்தாக உலகத்தார் முன் விரித்து வைத்திருக்கும் திறமூல மென்பொருளில் அது இன்னும் கூர்மை பெறுகிறது. மென்பொருளையே திறந்து வைத்தவர்கள், அதில் ஒரு பாதுகாப்புக் குறை காணப்பட்டால் அதனை மட்டும் சில நாள் மூடி வைக்கிறார்கள். இது முரணன்றோ? ஒரு குறிப்பிட்ட திட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இக்கேள்விக்கு ஒருவாறு விடை கிடைக்கும்.

மேசைமேல் இருக்கும் கணினியை எல்லோரும் அறிவோம். ஆனால் மின்சார அளவியிலும், செவித்துணைக் கருவியிலும், கதவுப் பூட்டிலும், காற்றாலையிலும்கூட விரல் நகத்தளவுள்ள கணினி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்து வேலை செய்கிறது. அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. அதன் நினைவகம் பெரும்பாலும் சில நூறு கிலோபைட் அளவே; கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. பொருளுக்குள் பொதிந்து கிடக்கும் இச்சிறு கணினியை ஆளும் நிரல்களையே உட்பொதி மென்பொருள் என்கிறோம்.

இத்தகைய சிறு கணினிகளுக்கென்றே எழுதப்பட்ட இயங்குதளம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸெஃபிர். கிரேக்கர் மேல்காற்றுக்கு இட்ட பெயரிலிருந்து வந்தது அது. நம் முன்னோர் கீழ்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், வடகாற்றை வாடை என்றும், மேல்காற்றைக் கோடை என்றும் வழங்கினர். நமக்கு வெம்மையைக் கொணரும் காற்றே கிரேக்கருக்கு இளங்காற்றாய் வீசியது போலும்! இதன் மூலநிரலுக்கு அடிப்படையானது விண்ட் ரிவர் என்னும் நிறுவனத்தாரிடமிருந்து வந்தது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸ் அறக்கட்டளை இதனைப் பொதுத் திட்டமாக அறிவித்தது. அப்பாச்சி 2.0 என்னும் உரிமத்தின்கீழ் எவரும் இதனை எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், தாம் விற்கும் பொருளிலும் வைக்கலாம். செவித்துணைக் கருவி, காற்றாலை, மடிக்கணினியின் விசைப்பலகையையும் மின்னூட்டத்தையும் கவனிக்கும் சிறு சில்லு எனப் பலவற்றுள்ளும் இது புகுந்துள்ளது.

எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை. எவரும் கொடுக்கலாம் என்கிறபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. முன்பின் அறியாத ஒருவர் எங்கோ அமர்ந்து எழுதி அனுப்பும் பத்து வரிகள், நாளை ஒரு முதியவரின் செவிக்குள் இருக்கும் கருவியில் ஓடப்போகின்றன. அவற்றை எப்படி நம்புவது?

ஒரு மாணவி வெப்பநிலை உணர்கருவி ஒன்றை ஸெஃபிர் கொண்டு இயக்கிப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் சுழியத்துக்குக் கீழே போனால் அளவு தவறாக வருகிறது. மூலநிரலைத் திறந்து காரணத்தைக் கண்டு, இரண்டு வரியில் திருத்திவிடுகிறாள். இந்தத் திருத்தம் உலகத்தாருக்குப் போய்ச் சேர வேண்டுமானால் அவள் என்ன செய்ய வேண்டும்? கிட்ஹப் என்னும் பொதுத் தளத்தில் உள்ள மூலநிரலைத் தன் கணக்கில் படியெடுத்து, அப்படியில் திருத்தத்தைச் செய்து, அதனைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஒரு வேண்டுகோள் விடுக்க வேண்டும். திருத்தத்தோடு ஒரு குறிப்பும் எழுத வேண்டும். எந்தப் பகுதியைத் தொட்டிருக்கிறாள் என்பது தலைப்பில் இருக்கவேண்டும். எதற்காகத் தொட்டாள் என்பது அதன் கீழ் விளக்கப்பட வேண்டும். 'பிழை நீக்கப்பட்டது' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டால் ஏற்கமாட்டார்கள். இன்று படிப்பவருக்காக மட்டும் எழுதப்படுவதன்று அக்குறிப்பு. ஆறு ஆண்டு கழித்து இதே இடத்தில் வேறொரு பிழையைத் தேடி வரப்போகும் ஒருவருக்காகவும் எழுதப்படுவது.

இங்கு இன்னொரு விதியும் உண்டு. மாணவர்கள் முதலில் இதனைத் தேவையற்ற கெடுபிடி என்றே எண்ணுவர். ஒருவர் அனுப்பும் திருத்தம் பல பகுதிகளாக இருந்தால், அப்பகுதிகளுள் ஒவ்வொன்றையும் சேர்த்த நிலையிலும் மென்பொருள் முழுவதும் பழுதின்றி உருவாக வேண்டும் என்பதே அவ்விதி. காரணம் இதுதான். 1,000 மாற்றங்களுக்கு முன் சரியாக ஓடிய கருவி இன்று ஓடவில்லை என்று கொள்வோம். குற்றவாளி எந்த மாற்றம்? நடுவில் உள்ள 500ஆவது நிலையை எடுத்து ஓட்டிப் பார்க்கிறோம். அங்கே சரியாக ஓடினால் பிழை பிற்பாதியில், ஓடாவிட்டால் முற்பாதியில். மீண்டும் அப்பாதியின் நடு. இவ்வாறு பத்தே சோதனையில் ஆயிரத்துள் ஒன்றைப் பிடித்துவிடலாம். ஆனால் இடையில் உள்ள ஒரு நிலை உருவாகவே மறுத்தால், இத்தேடல் அங்கே தடுமாறி நிற்கும்.

குறிப்பின் கடைசியில் மாணவி தன் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதி ஒப்பமிட வேண்டும். ஒரே ஒரு வரிதான். ஆயினும் அதன் பின்னால் ஒரு வழக்கின் வரலாறு இருக்கிறது. 2003ஆம் ஆண்டில் எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. தனக்குரிமையான நிரல் லினக்ஸில் கலந்துவிட்டது என்பது அதன் வாதம். எந்த வரி எவரிடமிருந்து எந்த உரிமையோடு வந்தது என்று காட்டத் தக்க ஒழுங்கான பதிவு அப்போது இல்லை. ஆகவே 2004இல் லினஸ் டோர்வால்ட்ஸும் அவரைச் சார்ந்தோரும் ஒரு சான்றுரையை வகுத்தனர். 'இதனை நானே எழுதினேன், அல்லது பகிர்வதற்கு உரிமை தரும் உரிமத்தோடு பெற்றேன். என் பெயரும் இப்பங்களிப்பும் பொதுப் பதிவாக நிலைத்திருக்கும் என்பதை அறிவேன்' என்பது அதன் சாரம். ஒப்ப வரியை எழுதுபவர் இச்சான்றுரைக்கு உடன்பட்டவர் ஆவார். ஸெஃபிரும் இதனையே பின்பற்றுகிறது. அலுவலகத்தில் எழுதிய நிரலை முதலாளியின் இசைவின்றிக் கொடுத்தாலும், இணையத்தில் எங்கோ கிடைத்ததை ஒட்டிக் கொடுத்தாலும், அந்த ஒரு வரி பொய்யாகிவிடும்.

வேண்டுகோள் வந்ததும் முதலில் இயந்திரங்கள் அதனைச் சோதிக்கின்றன. பலவகைச் சில்லுகளுக்கும் மென்பொருளை உருவாக்கிச் சோதனை நிரல்களை ஓட்டுகின்றன. பிறகு மனிதர் படிக்கின்றனர். எந்தப் பகுதிக்கு எவர் பொறுப்பு என்பது மூலநிரலோடு சேர்ந்த ஒரு கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குறைந்தது இருவர் ஏற்பளிக்க வேண்டும். அவருள் ஒருவர் அப்பகுதிக்குப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். ஏற்பளித்துவிட்டாலும் பொதுவாக இரண்டு வேலை நாள் பொறுத்திருக்கிறார்கள். உலகின் மறுபாதியில் இருப்பவர் விழித்தெழுந்து, படித்து, மறுப்புச் சொல்ல அவகாசம் வேண்டுமல்லவா? அதன்பின் வெளியீட்டுக் குழுவினர் அதனைச் சேர்க்கின்றனர். இவ்வளவும் ஊரறிய நடக்கிறது. மாணவியின் தவறுகளும், அவற்றைச் சுட்டிய முதியவர்களின் கடுஞ்சொற்களும் எவரும் படிக்கக் கிடக்கின்றன. முதன்முறை இது கூச்சமாகத்தான் இருக்கும்.

இத்தனை காவலும் வஞ்சகரைத் தடுக்குமா? எப்போதும் தடுப்பதில்லை என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்று.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர், தீய திருத்தங்களை லினக்ஸ் பொறுப்பாளர்கள் கண்டுபிடிப்பார்களா என்று சோதிக்க எண்ணினர். 2020இல் பொய்ப் பெயர்களில், வேண்டுமென்றே குறை புகுத்தப்பட்ட திருத்தங்களை அனுப்பினர். அதனை ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினர். 2021 ஏப்ரலில் இது பெரும் பூசலாக வெடித்தது. அப்பல்கலைக்கழகத்தாரின் பங்களிப்புகளைப் பொறுப்பாளர்கள் நிறுத்திவைத்தனர். முன்னர் அங்கிருந்து வந்திருந்த 400க்கும் மேற்பட்ட மாற்றங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தனர். அவற்றுள் மிகப் பல நேர்மையாகச் செய்யப்பட்ட நல்ல திருத்தங்களே. கட்டுரையை அதன் ஆசிரியர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டனர். காவலரின் விழிப்பைச் சோதிப்பது பயனுள்ள செயலாக இருக்கலாம். ஆனால் அக்காவலருள் எவருடைய இசைவையும் கேளாமல், ஊதியமின்றி உழைப்போரையும் உள்ளடக்கிய ஒரு கூட்டத்தைச் சோதனைப் பொருளாக்கியது தவறு என்பதே என் கருத்து.

இரண்டாவது இதனினும் கொடியது. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். நெடுங்காலம் ஒரே மனிதரின் உழைப்பில் நின்றது. அதற்கு உதவ வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல திருத்தங்களையே அனுப்பி, நம்பிக்கை பெற்று, தாமும் ஒரு பொறுப்பாளரானார். அவர் பயன்படுத்திய பெயர் புனைபெயர் என்றே கருதப்படுகிறது. 2024இல் வெளிவந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் அவர் மறைவழி ஒன்றைப் பொதித்துவிட்டார். தொலைவிலுள்ள கணினிகளுக்குள் நுழைய அது வழி திறப்பது. அந்த ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், வேறொரு வேலையின் இடையே, தம் கணினியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார், மறைவழி வெளிப்பட்டது. அவர் அடுத்துச் செய்ததே நம் பொருளுக்கு உரியது. முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவினருக்கும், பின் லினக்ஸ் வெளியீட்டாளர்களின் தனிக் குழுவுக்கும் மறைவாக எழுதினார். மார்ச்சு 29ஆம் நாள் உலகத்தாருக்கு வெளிப்படையாக அறிவித்தார். இடையில் சென்றது மிகச் சிறிது காலமே. அதற்குள் நஞ்சு கலந்த பதிப்புகளைத் தடுத்து நிறுத்தும் வேலை தொடங்கிவிட்டது.

மறைவாக முதலில், வெளிப்படையாகப் பிறகு. ஸெஃபிர் வகுத்துள்ள முறையும் இதுவே. ஆனால் இடைக்காலம் மட்டும் மிக நீளமானது.

சாதாரணப் பிழை ஒன்றைக் கண்டால் அதனைப் பொதுப் பிழைப் பட்டியலில் எழுதலாம். ஆனால் அப்பிழையைப் பயன்படுத்தி அயலான் ஒருவன் கருவியைக் கைப்பற்றவோ, முடக்கவோ, அதிலுள்ள மறைபொருளைப் படிக்கவோ கூடுமானால் அங்கே எழுதலாகாது. அதற்கெனத் தனியே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. கிட்ஹப் தளத்திலேயே மறைவாகத் தெரிவிக்கும் வழியும் இருக்கிறது. பாதுகாப்புக் குழுவினர் ஒரு வாரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து ஆராயத் தொடங்க வேண்டும் என்பது விதி. குறை உண்மையானதானால் அதற்கு ஒரு சி.வி.இ. எண் இடப்படும். உலகில் அறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு ஆண்டும் வரிசையும் சேர்த்து எண் இடும் இம்முறை 1999இல் தொடங்கியது. ஒரே குறையைப் பத்து நிறுவனத்தார் பத்துப் பெயரால் அழைத்துக் குழம்பாதிருக்க இது உதவுகிறது. ஸெஃபிர் திட்டம் தன் குறைகளுக்குத் தானே இவ்வெண்ணை வழங்கும் உரிமை பெற்றது.

இத்தகைய குறை எப்படி இருக்கும் என்பதற்கு எளிய உதாரணம் ஒன்றைச் சொல்லலாம். 2020 மே மாதத்தில் என்.சி.சி. குரூப் என்னும் ஆய்வு நிறுவனம், ஸெஃபிரிலும் அதனோடு இணைந்து பயன்படும் எம்.சி.யு.பூட் என்னும் தொடக்க நிரலிலும் தான் கண்ட 26 குறைகளை வெளியிட்டது. முன்னரே திட்டத்தாருக்கு அறிவித்த பின்னரே வெளியிட்டது. அவற்றுள் ஒன்று சி.வி.இ.-2020-10024. இயங்குதளத்தின் நடுவில் உள்ள கருப்பகுதியிடம் சாதாரண நிரல் ஒரு பணியைக் கேட்க வேண்டுமானால், அப்பணியின் எண்ணைச் சொல்லிக் கேட்கும். கருப்பகுதி அந்த எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு அட்டவணையில் அந்த இடத்துக்குப் போகும். வரம்பு 100 என்று கொள்வோம். 'எண் 100க்குக் குறைவா?' என்பதே காவலனின் கேள்வி. 250 என்றால் தடுப்பான். ஆனால் ஒருவன் கழித்தல் 5 என்று சொன்னால்? கழித்தல் 5 என்பது 100க்குக் குறைவுதானே! காவலன் வழிவிட்டுவிடுகிறான், நிரல் அட்டவணைக்கு வெளியே, இருக்கக்கூடாத இடத்துக்குப் போய்விடுகிறது. ஆர்ம் வகைச் சில்லுகளுக்கான பகுதியில் ஒப்பீடு குறியுள்ள எண்களாகச் செய்யப்பட்டதால் விளைந்தது இது. எண்ணைக் குறியற்றதாகக் கொண்டால், 32 துணுக்குக் கணினியில் கழித்தல் 5 என்பது 429 கோடியைத் தாண்டிய பேரெண்ணாகத் தோன்றும், காவலன் தடுத்துவிடுவான். திருத்தம் மிகச் சிறியது. அத்திருத்தம் இல்லாத கருவியிலோ, எளிய நிரல் ஒன்று கருப்பகுதியின் அதிகாரம் முழுவதையும் பெற்றுவிடலாம்.

இனி அந்த இடைக்காலத்துக்கு வருவோம். அதனைத் தடைக்காலம் என்று சொல்லலாம். ஸெஃபிரில் அது அறிவிப்பு வந்த நாள் முதல் 90 நாள். முதல் 30 நாள் திட்டத்தார் திருத்தம் செய்வதற்கு. எஞ்சிய 60 நாள், அம்மென்பொருளைத் தம் பொருளில் வைத்து விற்றவர்கள் அத்திருத்தத்தைத் தம் பொருள்களுக்குக் கொண்டுசேர்ப்பதற்கு. பொருள் செய்வோர் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டால் அவர்களுக்கு முன்னறிவிப்பும் கிடைக்கும். லினக்ஸ் கருப்பகுதியின் பாதுகாப்புக் குழுவோ வேறு வழக்கம் கொண்டது. திருத்தம் கைக்கு வந்த பின் அதனை மறைத்து வைப்பது, அதன் விதிப்படி, பொதுவாக 7 நாளுக்கு மேற்படலாகாது. மிக அரிதாக 14 நாள். ஒன்று 7, மற்றொன்று 90. இரண்டும் திறமூலத் திட்டங்களே. ஒரே அறக்கட்டளையின் ஆதரவு பெற்றவையே. இவ்வேற்றுமை ஏன்?

விடை, கருவி எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியுள்ளது. பெரிய கணினி நிலையத்தில் திருத்தம் வந்த அன்றிரவே அதனைப் பொருத்திவிடலாம். கடலோரக் காற்றாலையின் உச்சியில் இருக்கும் சில்லுக்கு அப்படிச் செய்ய இயலுமா? செவித்துணைக் கருவியில் புது நிரலை ஏற்றுமுன் அது கேட்பவரின் செவிக்கு ஊறு செய்யாது என்று சோதித்தறிய வேண்டும். சில பொருள்களுக்குப் புது நிரலைத் தொலைவிலிருந்து அனுப்பும் வழியே வைக்கப்பட்டிருக்காது. அன்றியும் சில்லு செய்பவர் ஒருவர், அதனைப் பலகையில் பொருத்துபவர் மற்றொருவர், பெட்டியில் அடைத்து விற்பவர் வேறொருவர் என்றிருக்கும் நீண்ட சங்கிலியில் திருத்தம் ஒவ்வொரு கையாக மாறித்தான் கடைசி வீட்டுக்கு வந்துசேரும். இக்காரணத்தால் உட்பொதி உலகில் ஒரு குறையை அவசரப்பட்டு வெளியிடுவது, ஓட வழியில்லாதவர் வீட்டின் கதவைத் திறந்துவிடுவது போலாகும்.

அப்படியானால் என்றென்றும் மூடியே வைக்கலாமே என்று கேட்கக்கூடும். 90 என்ற எண்ணின் அருமை இங்கேதான் இருக்கிறது. முடிவு நாள் குறிக்கப்படாத மறைவு, குறையைத் திருத்தாமல் தூங்குவதற்கு நல்ல போர்வை. முடிவு நாள் குறித்துவிட்டால், திட்டத்தாரும் பொருள் செய்வோரும் அந்நாளுக்கு முன் எழுந்தாக வேண்டும். குறையைக் கண்டவருக்கும் அது பாதுகாப்பு. தம் உழைப்பு எவருடைய மேசை அறையிலோ புதைந்துவிடாது என்பது அவருக்கு உறுதி. ஹாப்ஸின் காலத்தில் இல்லாதது இந்தக் கணக்குத்தான். அன்று சொல்வது, சொல்லாமல் விடுவது என்று இரண்டே வழிகள் தென்பட்டன. முதலில் எவருக்கு, பிறகு எவருக்கு, எத்தனை நாளில் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் மெல்லப் பிற்காலத்தில்தான் வந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு தையல் இன்னும் இளகியே இருக்கிறது. திருத்தம் வந்து சேரும் இடம் பொதுக் களஞ்சியம். தடைக்காலம் முடியுமுன்னரே அது அங்கு வந்துவிடுகிறது. குறிப்பில் எதனையும் வெளிப்படச் சொல்லாவிட்டாலும், 'குறியுள்ள ஒப்பீடு குறியற்றதாக மாற்றப்பட்டது' என்பதைப் பார்த்த அளவிலேயே கூர்மையான பகைவன் மறைந்திருப்பதை ஊகித்துவிடுவான். திறந்த வீட்டில் இதனை முற்றும் தவிர்க்க இயலாது. ஆகவே பொருள் செய்வோர் 90ஆவது நாளுக்குக் காத்திராமல், திருத்தம் வந்த நாளையே கெடுவாகக் கொள்வது அறிவுடைமை.

இதனினும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் ஃபோர்ஸ்கவுட் என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 33 குறைகளை வெளியிட்டனர். அம்னீசியா 33 என்று அத்தொகுதிக்குப் பெயரிட்டனர்; நினைவிழப்பு என்பது அச்சொல்லின் பொருள். யு.ஐ.பி., எஃப்நெட், பிக்கோ டி.சி.பி., நட்நெட் ஆகிய நான்கு திறமூல மென்பொருள்களில் அக்குறைகள் இருந்தன. சிறு கருவிகள் இணையத்தோடு பேசுவதற்கு உதவுபவை இவை. 150க்கும் மேற்பட்ட நிறுவனத்தாரின் பொருள்களில் இவை கலந்திருக்கும் என்று அவ்வாய்வாளர்கள் மதிப்பிட்டனர். கடிதத்தை எழுதியாயிற்று, யாருக்கு அனுப்புவது? அம்மென்பொருள்களின் சில கிளைகளுக்குப் பொறுப்பாளரே இல்லை. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் எவரோ படியெடுத்துத் தம் சில்லோடு சேர்த்துக் கொடுத்ததை, அடுத்தவர் வாங்கி, அதற்கடுத்தவருக்கு விற்றிருக்கின்றனர். தம் பொருளுக்குள் இது இருக்கிறது என்பதே பல நிறுவனத்தாருக்குத் தெரியாது. 90 நாள் கொடுத்தாலும் 900 நாள் கொடுத்தாலும், தனக்கு வந்த கடிதம் என்று அறியாதவன் அதனைப் பிரிக்கப்போவதில்லை.

ஆகவே மளிகைப் பொட்டலத்தின்மேல் அதில் சேர்ந்த பொருள்களை அச்சிடுவதுபோல, மென்பொருளுக்கும் உட்பொருள் பட்டியல் ஒன்று வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றிருக்கிறது. ஸெஃபிரில் இதற்கெனக் கட்டளை உண்டு. உருவாக்கப்படும் மென்பொருளில் எந்தெந்தக் கோப்பு எங்கிருந்து எந்த உரிமத்தோடு வந்தது என்னும் பட்டியலை அதுவே எழுதித் தந்துவிடும். கல்லூரியில் செய்முறைத் திட்டம் செய்யும் மாணவர்கள்கூட இதனைப் பழகிக்கொள்ளலாம், செலவு ஒன்றுமில்லை.

குறையைத் தெரிவிக்கும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தப் பலகை, எந்தச் சில்லு என்பன முதலில் வரவேண்டும். பிறகு, படிப்பவர் தம் மேசையில் அதே பிழையை மீண்டும் காணத் தக்கவாறு படிப்படியான வழி. முடிந்தால் அதனைக் காட்டும் சிறு நிரல். பகைவன் இதனால் எதைப் பெறக்கூடும் என்று தமக்குத் தோன்றுவதை மிகைப்படுத்தாமல் எழுத வேண்டும். அச்சமூட்டும் அடைமொழிகளைக் கண்டால் அனுபவமுள்ள பொறுப்பாளர் கடிதத்தை ஐயத்தோடுதான் படிப்பார். சோதனையைத் தம் சொந்தப் பலகையிலேயே செய்ய வேண்டும்; அடுத்தவர் வீட்டுக் கருவியில் இசைவின்றிச் செய்வது குற்றமாகும். அனுப்பிய பின், தாம் தெரிவித்த குறையைப் பற்றிய பதிவைக் காணும் உரிமை அவருக்கு ஸெஃபிரில் அளிக்கப்படுகிறது. திருத்தம் சரியா என்று அவரே சோதித்தும் சொல்லலாம். கண்டவருக்கு அக்குறையைப் பற்றித் தெரிந்த அளவு மற்றவருக்கு உடனே தெரிய வாய்ப்பில்லை அல்லவா?

இதுவரை சொன்னவை யாவும் தொண்டர்களும் நிறுவனங்களும் தாமாக வகுத்துக்கொண்ட வழக்கங்கள். இப்போது சட்டமும் இதில் நுழைந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மென்பொருள் பொதிந்த பொருள்களை அங்கே விற்பவர், தம் பொருளில் உள்ள குறை ஒன்று உண்மையாகவே தாக்குதலுக்குப் பயன்படுவதாக அறிந்தால், 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கையை அரசுசார் அமைப்புகளுக்கு அனுப்ப வேண்டும். இக்கடமை 2026 செப்டம்பர் 11 முதல் என்றும், ஏனைய கடமைகளுள் பெரும்பாலானவை 2027 டிசம்பர் 11 முதல் என்றும் அச்சட்டம் வகுத்துள்ளது. உட்பொருள் பட்டியல் வைத்திருப்பதும் அக்கடமைகளுள் ஒன்று. வணிக நோக்கின்றித் திருத்தம் எழுதி அனுப்பும் தனி மனிதர்மேல் இச்சுமையை அச்சட்டம் ஏற்றவில்லை. திறமூலத் திட்டங்களைத் தாங்கி நிற்கும் அறக்கட்டளைகளுக்கும் இலேசான கடமைகளையே விதித்துள்ளது. சுமை முழுவதும், அம்மென்பொருளைப் பெட்டியில் வைத்து விலைக்கு விற்பவர் தோள்மேல் ஏறியிருக்கிறது.